கிணற்றடிக்கு வராத சட்டங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளில் பெரும்பாலானவை இன்றும் குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றன. ஏரிக்கரையை ஒட்டியோ ஆற்றுப்படுகையிலோ தோண்டப்பட்ட திறந்தவெளிக் கிணறு அல்லது ஊர் எல்லைக்குள் இறக்கப்பட்ட ஆழ்துளைக் கிணறு, அதிலிருந்து மோட்டார் வழியாக மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, தொட்டியிலிருந்து தெருக்குழாய் அல்லது வீட்டிணைப்பு என்பதே அங்கு வழக்கமான ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் மோட்டாரை இயக்க ஆள் உண்டு. தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் கலப்பதற்கு முறை உண்டு. குழாய் இணைப்புக்குக் கணக்கும் கட்டணமும் உண்டு. நீர் ஊறும் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் பொறுப்பாளர் என்று மட்டும் எவரும் இல்லை. அந்தக் கிணற்றிலிருந்து எத்தனை மீட்டருக்குள் பூச்சிமருந்துக் கிடங்கு அமையக்கூடாது, எத்தனை மீட்டருக்குள் சாயப்பட்டறையோ பேட்டரி பழுதுபார்க்கும் கடையோ டீசல் தொட்டியோ இருக்கக்கூடாது என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் விடை சொல்லும் விதியும் நடைமுறையில் இல்லை. விடைகள் பல துறைகளின் சட்டங்களிலும் அரசாணைகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சட்டம் எப்போதும் ஆலையின் வாசலில் நின்றுதான் அளக்கிறது, கிணற்றடியில் நின்று அளப்பதே இல்லை என்பது தெரியவரும்.

நீரில் கலக்கும் அசுத்தங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது இங்கே பயன்படும். முதல் வகை கிருமிகள். காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைப் பரப்பும் இவற்றைக் குளோரின் கொல்லும், கொதிக்க வைத்தாலும் சாகும்; மண்ணுக்கடியில் சில வாரங்கள் தங்கினால் பெரும்பாலானவை தாமாகவே அழியும். இரண்டாம் வகை நச்சுப் பொருள்கள். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள், பெட்ரோல், டீசல், பழைய என்ஜின் ஆயில், பூச்சிக்கொல்லிகள், சாயங்கள், உலோகங்களின் பிசுக்கை நீக்கவும் பெயின்டைக் கரைக்கவும் பயன்படும் கரைப்பான்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குப் பிளீச்சிங் பவுடரால் பயனில்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உலோகத்தின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. ஊராட்சித் தொட்டியில் அன்றாடம் நடக்கும் சுத்திகரிப்பு முழுவதும் முதல் வகையை நோக்கியே அமைந்திருப்பதால், இரண்டாம் வகை கிணற்றுக்குள் வந்துவிட்டால் அது தடையின்றி வீட்டுக் குடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

எவ்வளவு கலந்தால் ஆபத்து என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. அதன்படி ஒரு லிட்டர் குடிநீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. இந்த அளவுகளைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டால் அபாயம் கண்ணுக்குத் தெரியும்: ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகும், ஒரு கிராம் ஈயம் முழுவதும் கரைந்தால் 1,00,000 லிட்டருக்கு, அதாவது 30,000 லிட்டர் கொள்ளும் மூன்று மேல்நிலைத் தொட்டிகளுக்கும் மேலாக, அதுவே போதும். ஈயம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் கொட்டியதெல்லாம் கரைந்துவிடுவதில்லை. ஆயினும் ஒரு கார் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தைக் கிராமில் அல்ல, கிலோவில்தான் சொல்ல வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், கிணற்றடியில் பழைய பேட்டரிகளை உடைத்து அமிலத்தைக் கவிழ்ப்பது எத்தகைய செயல் என்பது விளங்கும்.

திருவண்ணாமலைப் பகுதியின் நில அமைப்பு இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. 814 மீட்டர் உயர்ந்து நிற்கும் அண்ணாமலையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் பழமையான கடும்பாறைகளால் ஆனவை. இத்தகைய நிலத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது: மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெயிலாலும் மழையாலும் சிதைந்து இளகிய பாறைப் பகுதியிலும், அதற்கும் கீழே கெட்டிப்பாறையில் ஓடும் வெடிப்புகளிலும். கிணறு வெட்டுவோர் ஊற்றுக்கண் என்று சொல்வது இந்த வெடிப்புகளின் வாயைத்தான். ஆற்று வண்டலும் மணலும் பல மீட்டர் தடிமனாகப் படிந்த நிலத்தில் நீர் மெல்ல ஊர்ந்து வருவதால், வழியில் மண்துகள்கள் ஓரளவு அசுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாறை வெடிப்பில் அந்தப் பிடிப்பு இல்லை. மேலே உள்ள மண்ணடுக்கு மெலிந்திருக்கும் இடத்தில் கொட்டப்பட்ட திரவம் வெடிப்பு ஒன்றில் இறங்கிவிட்டால், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு போகும் என்பதைத் தரைமேல் நின்று ஊகிக்க முடியாது. பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு நாலாவது வயலின் கிணற்றில் அது தலைகாட்டுவதும் உண்டு. இதனுடன் மோட்டாரின் வேலையும் சேர்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொடர்ந்து நீர் இறைக்கும்போது அதைச் சுற்றியுள்ள நீர்மட்டம் தலைகீழாக வைத்த கூம்பைப் போலத் தாழ்கிறது. இந்தத் தாழ்வு நாலாபுறத்து நீரையும் கிணற்றை நோக்கி இழுப்பதால், இயல்பாக வேறு பக்கம் போக வேண்டிய கழிவும் கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறது. கோடையில் இறைக்கும் நேரம் கூடக் கூட இந்த இழுப்பின் எல்லையும் விரிகிறது.

இது வெறும் கோட்பாடாக நின்றுவிடாமல் கண்முன் நடந்த இடம் வெகுதொலைவில் இல்லை. 1989ஆம் ஆண்டு வரை திருவண்ணாமலையும் வேலூரும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டம். அதன் வடபகுதியில், பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் பதனிடும் தொழில், குரோமியமும் உப்பும் மிகுந்த கழிவுநீரைப் பல ஆண்டுகள் ஆற்றிலும் ஓடையிலும் திறந்த நிலத்திலும் விட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாக இன்றும் சுட்டப்படுகிறது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பும், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கெடுப்பும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்கும் கிணறுகளும் கெட்டுப்போனவற்றில் இருந்தன.

இரண்டு கோட்பாடுகளை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. தீங்கு வரும் என்பதற்கு முழு அறிவியல் நிரூபணம் கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மாசுபடுத்துவோர் செலுத்தும் கோட்பாடு. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம், வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேரைக் கண்டறிந்து ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீட்டை 2001இல் நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். கெட்டுப்போன கிணற்றுக்குப் பதிலாகப் புதுக் கிணறு ஒன்று வெட்டிக்கொள்ளக்கூட அந்தத் தொகை போதாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாசு நின்றதா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுப் படுகைக்காக மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை அளித்து, கண்காணிப்புக்கு ஒரு குழுவையும் அமைக்க உத்தரவிட வேண்டியிருந்தது.

ராணிப்பேட்டையின் மற்றொரு பாடம் இதைவிடக் கடுமையானது. அங்கே சிப்காட் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலைபோல் விடப்பட்டது. குரோமியம் இரண்டு முக்கிய வடிவங்களில் காணப்படும். தோல் பதனிடுவதில் பயன்படும் வடிவம் நீரில் எளிதில் கரைந்து நகராதது. குரோமேட் ஆலைக் கழிவில் உள்ள, வேதியியலார் ஆறு இணைதிறன் கொண்டது என்று குறிக்கும் வடிவமோ நீரில் நன்கு கரையக்கூடியது, தொலைவு செல்லக்கூடியது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மழைதோறும் கழிவு மலையிலிருந்து ஊறி இறங்கிய இந்த வடிவம் நிலத்தடி நீரில் கலந்து, நீரையே மஞ்சளாக்கியது. ஆலை இயங்கிய காலம் இருபது ஆண்டுகள். அது நின்றுபோன பிறகு கழிந்த காலம் அதைவிட நீண்டுவிட்டது. கழிவோ இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆலை மூடப்பட்டால் மாசும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நிலத்தடி நீரின் விஷயத்தில் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

இனிச் சட்டங்களைப் பார்க்கலாம். அவற்றில் மூத்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர் ஆதாரத்தை அசுத்தமாகாமல் காப்பதும், தனியார் கிணறே ஆனாலும் அது கெட்டிருந்தால் சீர்செய்யவோ மூடவோ உத்தரவிடுவதும் உள்ளாட்சியின் வேலை என்று அது அன்றே வகுத்தது. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கிராமத்துக் கிணற்றின் முதன்மையான எதிரி காலராக் கிருமி; சாயமும் கரைப்பானும் ஊருக்குள் வந்திருக்கவில்லை. அடுத்தது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அதன் 24ஆம் பிரிவு, நச்சுப் பொருள் எதையும் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ நேரடியாகவும் மறைமுகமாகவும் சேரவிடக் கூடாது என்று தடுக்கிறது. ஓடை என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் நிலத்தடி நீரும் அடங்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 279ஆம் பிரிவு, பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்றே கெடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இதற்கு முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அந்த அபராதம் 500 ரூபாயாகவே இருந்து வந்தது.

இவையெல்லாம் கெடுத்த பிறகு தண்டிக்கும் பிரிவுகள். கெடுவதற்கு முன் தடுப்பது தொலைவு விதிகள்தாம். தமிழ்நாடு அரசு 1989 மார்ச் 30 அன்று பிறப்பித்த 213ஆம் எண் அரசாணை, மிகுந்த மாசு தரும் தொழிற்சாலைகளை ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அமைப்பதற்குத் தடை விதித்தது. வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. 1998 மே 8 நாளிட்ட 127ஆம் எண் அரசாணை, காவிரியும் அதன் துணையாறுகளும், பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தொலைவை ஐந்து கிலோமீட்டராக விரித்தது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து குடிநீர் பெறும் திருவண்ணாமலைக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஆயினும் இந்த அரசாணைகள் காப்பது ஆற்றை. ஆற்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊராட்சிக் கிணறு இவற்றின் கண்ணில் படுவதில்லை.

கிணற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கும் தொலைவுகள் வேறு மூலைகளில் கிடைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பிடத்தைக் குடிநீர் வழங்கும் கிணறுகளிலிருந்து 200 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்றும், அதன் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் இட வேண்டும் என்றும் வகுத்தன. கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பரிந்துரை. ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய இடுகாடோ சுடுகாடோ குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் அமையக்கூடாது. இறந்தவரை அடக்கம் செய்ய 90 மீட்டர் என்று தெளிவாக அளந்து சொல்லும் ஊராட்சி விதித்தொகுப்பு, பூச்சிமருந்துக் கடைக்கோ லாரி பழுதுபார்க்கும் பட்டறைக்கோ குடிநீர்க் கிணற்றிலிருந்து ஓர் அளவைச் சொல்லவில்லை. நிலத்தடி நீருக்கென்றே மாநிலம் முழுமைக்கும் 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் வளர்ச்சி மற்றும் மேலாண்மைச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. அந்த இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருப்பது பெருங்குறை.

ஊராட்சிப் பகுதியில் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்த 2015இல் வந்த விதிகள் தனிக் கவனத்துக்குரியவை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்த கொடுமைகளுக்குப் பிறகு வந்தவை அவை. தோண்டுவதற்கு முன் அனுமதி பெறுவது, தோண்டும் இடத்தைச் சுற்றி வேலியிடுவது, பயனற்ற குழியை முழுவதும் நிரப்பி மூடுவது ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. மூடாத குழி குழந்தைக்கு எவ்வளவு ஆபத்தோ நிலத்தடி நீருக்கும் அவ்வளவு ஆபத்து. மேலேயுள்ள மண்ணடுக்கைத் துளைத்துக்கொண்டு நேராகப் பாறை வெடிப்புக்குப் போகும் அந்தக் குழாயில் வயலின் பூச்சிமருந்தும் சாலையின் எண்ணெயும் மழைநீரோடு இறங்கினால், வடிகட்டுவதற்கு இடையில் ஒரு பிடி மண்கூட இல்லை. வற்றிய குழியைக் கழிவுநீர் விடுவதற்குப் பயன்படுத்துவோரும் உண்டு. அது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நேரடியான குற்றம். குழந்தைகளைக் காக்க வந்த விதியை ஊராட்சி ஒழுங்காக நிறைவேற்றினாலே நீரும் பெருமளவு காக்கப்படும்.

திருவண்ணாமலை நகரின் நிலைமை கிராமத்திலிருந்து சற்று வேறுபட்டது. 2011 கணக்கெடுப்பில் 1,45,278 பேர் வாழ்ந்த இந்த ஊர், 2024இல் மாநகராட்சியானது. சாத்தனூர் அணையின் நீர் வந்தாலும் வீடுகளும் விடுதிகளும் ஆசிரமங்களும் உணவகங்களும் தத்தம் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியிருக்கின்றன. கார்த்திகைத் தீபத்துக்கும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வரும் ஊரில், தங்கும் விடுதியின் போர்வெல்லும் அதே மனையின் கழிவுநீர்த் தொட்டியும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பது அரிதல்ல. ஈசானிய லிங்கத்தை அடுத்த இடத்தில் நகரக் குப்பை பல ஆண்டுகள் கொட்டப்பட்டு வந்தது. குப்பை என்றதும் எச்சில் இலையும் காய்கறித் தோலும் நினைவுக்கு வரலாம். அதனோடு கலந்து வரும் பேட்டரி செல், குழல்விளக்கு, பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவையே நிலத்தடி நீருக்குப் பகை. மட்கும் குப்பையிலிருந்து வரும் அமிலத்தன்மை கொண்ட கசிவுநீர் இவற்றின் உலோகங்களைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. எட்டுத் திசையிலும் லிங்கங்களும் வழிநெடுகத் தீர்த்தக் குளங்களும் அமைந்த பாதை இது. மலையில் பெய்த மழையை வாய்க்கால் வழியாகக் குளத்தில் சேர்த்து, குளத்தின் ஊறலால் சுற்றுப்புறக் கிணறுகளை வாழ வைத்த பழைய ஏற்பாட்டில், குளத்தில் விழும் எதுவும் கிணற்றுக்கு வந்துவிடும் என்ற அறிவு அடங்கியிருந்தது. குளக்கரைக்கு விதித்த கட்டுப்பாடு கிணற்றுக்கும் சேர்த்தே காவலாயிற்று.

மாவட்டத்தின் பிற ஊர்களுக்குப் பிற கவலைகள். ஆரணியின் பட்டு நெசவுக்குச் சாயம் வேண்டும். சாயம் தோய்த்த நீருக்குப் போக்கிடம் வேண்டும். செய்யாற்றில் சிப்காட் தொழிற்பூங்கா விரிவடைந்து வருகிறது. ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க் முளைக்கிறது. அவற்றைக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மண்ணுக்கடியில் புதைத்த எரிபொருள் தொட்டி துருப்பிடித்துக் கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் வாழும் மற்றொரு நிலம் அறிந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீரே ஊருக்கெல்லாம் குடிநீர், வீட்டுக்கு வீடு கிணறு. அங்கே சுன்னாகத்தில் இயங்கிய அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கியது. கிணற்றுக்குள் வாளியை இறக்கினால் எண்ணெய் நாற்றத்தோடு நீர் வரும் நிலையில் மக்கள் தண்ணீர் வண்டிகளை எதிர்பார்த்து நின்றனர். அந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்து, மின் நிறுவனம் இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட கிணற்றின் உரிமையாளருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை என 500 பேர் வரை அது பகிரப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒழுங்குபடுத்த வேண்டிய அரசு நிறுவனங்கள் தம் கடமையில் தவறியதையும் தீர்ப்பு எடுத்துரைத்தது. வேலூரைப் போலவே இங்கும் நீதி வந்தது. கிணறு கெட்டுப் பல ஆண்டுகள் கழிந்து வந்தது.

கெடுவதற்கு முன் வந்த விதிக்கு எடுத்துக்காட்டுத் தேடினால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரைச் சொல்லலாம். அந்நகரம் குடிப்பது நிலத்தடி நீர். 1987 மே மாதம் நகரின் குடிநீர்க் கிணறுகள் அமைந்த நிலத்துக்கு அருகே, 15 இலட்சம் காலனுக்கும் மேல் பெயின்டும் அது சார்ந்த பொருள்களும் வைத்திருந்த கிடங்கு தீப்பிடித்தது. பாய்ச்சும் தண்ணீரே இரசாயனங்களை அடித்துக்கொண்டு கிணறுகளுக்குள் சேர்த்துவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள், தீயை அணைக்காமல் எரிந்து தணிய விடுவதே மேல் என்று முடிவெடுத்தனர். மறு ஆண்டே நகர மன்றம் உள்ளூர் விதி ஒன்றை இயற்றியது. கிணறுகளுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பை வரைபடத்தில் குறித்து, அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தொழிற்கூடமும் எந்த அபாயப் பொருளை எவ்வளவு வைத்திருக்கிறது என்று அறிவிக்கவும், குறித்த அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருக்கவும் அவ்விதி கட்டாயப்படுத்தியது. ஏற்கெனவே உள்ள தொழில்களை விரட்டாமல், அவற்றின் இருப்பைக் குறைக்கவும் ஆபத்துக் குறைந்த பொருளுக்கு மாறவும் நிதியும் ஏற்படுத்தப்பட்டது. ஜெர்மனியில் இம்முறை இன்னும் பழமையானது, நுணுக்கமானது. கிணற்றைச் சுற்றி மூன்று வளையங்கள் வரையப்படும். கிணற்றடியை ஒட்டிய முதல் வளையத்தில் குடிநீர்ப் பணிக்கன்றி எவருக்கும் இடமில்லை. நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய ஐம்பது நாள் பிடிக்கும் தொலைவு இரண்டாம் வளையம். கிணற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதும் மூன்றாவது. நச்சுப் பொருள்களைச் சேமிப்பதற்கான கட்டுப்பாடு உள்ளே வர வர இறுகும்.

இந்த முறையின் உயிர்நிலை, தொலைவை ஆலையிலிருந்து அளக்காமல் கிணற்றிலிருந்து அளப்பது. ஆலைப் பட்டியலில் இடம்பெறாத சிறு பட்டறையும், அனுமதி தேவைப்படாத சிறு கிடங்கும் அப்போதுதான் கணக்கில் வரும். தமிழ்நாட்டுக்கு இது அயல்நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குவது சரியாகாது. இங்குள்ள ஊராட்சிகளுக்குக் கிணறு வெட்டிப் பராமரிக்கும் கடமையை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் விதித்திருக்கிறது. ஊருக்குள் தொழில் நடத்த உரிமம் வழங்குவதில் அவற்றுக்குப் பங்கும் உண்டு. உள்ளாட்சியின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பாலக்காடு மாவட்டத்தின் பெருமாட்டி ஊராட்சி சாட்சி. பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க அந்த ஊராட்சி 2003இல் மறுத்தது. ஆலை உரமென்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் காட்மியம் இருந்தது அதே ஆண்டில் வெளிவந்தது. ஊராட்சியின் அதிகார எல்லை குறித்து நீதிமன்றங்களில் மாறுபட்ட முடிவுகள் வந்து வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் ஓடவில்லை.

சட்டத்தை எதிர்பார்த்து நிற்காமல் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது சோதனை. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து வழங்கப்பட்டுள்ள களச் சோதனைப் பெட்டியால் அமிலத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் போன்றவற்றை ஊரிலேயே அறியலாம். ஈயத்தையும் குரோமியத்தையும் பூச்சிக்கொல்லியையும் அந்தப் பெட்டி காட்டாது. அவற்றுக்கு ஆய்வகக் கருவிகள் வேண்டும். ஆகவே பெட்டியில் நீர் நல்லது என்று வந்தால் கிருமியும் உப்பும் பற்றிய கவலை ஓரளவு தீருமே ஒழிய, பட்டறைகளும் கிடங்குகளும் சூழ்ந்த கிணற்றுக்கு அது முழுச் சான்றாகாது. அத்தகைய கிணறுகளைத் தனியே பட்டியலிட்டு, கன உலோகங்களுக்கும் எண்ணெய்ப் பொருள்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் வழியாகச் சோதிக்கக் கேட்பது ஊராட்சியின் உரிமை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்று கூடும் சபையில் ஊரின் குடிநீர்க் கிணறு ஒவ்வொன்றையும் பெயரிட்டு, அதைச் சுற்றி 200 மீட்டருக்குள் என்னென்ன பொருள் எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைப் படிக்கக் கேட்கலாம். கைவிடப்பட்ட குழிகளை நிரப்பவும், பழைய ஆயிலையும் பேட்டரியையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்கவும், அந்த எல்லைக்குள் புதிய அபாயக் கிடங்குக்கு உரிமம் தராதிருக்கவும் தீர்மானம் கொண்டுவரலாம். குப்பை நிரப்பிடத்துக்கு மத்திய விதிகள் சொன்ன அதே 200 மீட்டரை நச்சுப் பொருள் அனைத்துக்கும் விரித்துக் கேட்பதில் மிகை எதுவும் இல்லை. நகரத்தார் இதே கோரிக்கையைப் பகுதி சபைகளில் வைக்கலாம். தீர்மானம் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் போகட்டும். மாநிலம் தழுவிய நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை அரசு மீண்டும் எழுதும் நாளில், கிணற்றிலிருந்து அளக்கும் விதி அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்பதற்கு அந்தத் தீர்மானங்களே ஆவணமாக நிற்கும். வரும் மார்ச் 22 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளிலும் யாராவது ஒருவர் எழுந்து இந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும்.